அடுக்களையில் விழுந்த ஒளி

சேத்தியாத்தோப்பில் கடைத்தெருவை ஒட்டி, ஓட்டுக் கூரையின்கீழ் ஒரு படிப்பகம் இருக்கிறது. நாளேடு படிக்க முதியவர்களும், தேர்வுக்குப் படிக்க இளைஞர்களும் நாள்தோறும் கூடும் இடம். அண்மையில் ஒரு மாலை நாம் அங்குச் சென்றிருந்தபோது, பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் இரண்டு படங்களைச் சுவரில் மாட்டிவைத்து இளைஞர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். இரண்டும் அச்சுப் படிகள். ஒன்று, ஒல்லாந்து நாட்டு ஓவியர் வெர்மீர் தீட்டிய பால் வார்க்கும் பணிப்பெண். மற்றொன்று, குடந்தைப் பகுதியிலே பிறந்து, 2021 சூன் திங்களில் கொரோனா நோய்க்கு இரையாகி நம்மைவிட்டுப் பிரிந்த ஓவியர் இளையராஜா தீட்டிய சிற்றூர்ப் பெண்.

இளைஞர்கள் ஆளுக்கொன்று கூறினர். "நிழற்படம் போலவே இருக்கிறது" என்றார் ஒருவர். "பால் ஊற்றுவதற்கெல்லாம் ஒரு படமா?" என்று நகைத்தார் மற்றொருவர். ஆசிரியர் பொறுமையாக வண்ணத்தைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் விளக்கிக்கொண்டிருந்தார். அந்நேரத்தில், வயல் வேலை முடித்து வந்த மூதாட்டி ஒருவர், பேரனை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வாயிற்படியில் வந்து நின்றார். எழுதப் படிக்க அறியாதவர். படங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெர்மீரின் படத்தைச் சுட்டிக்காட்டி, "ஏம்ப்பா, இந்த ஊட்டு அடுப்பங்கரையில சன்னல் வச்சிருக்கான் பாரு! நம்ம ஊட்டுல அப்பிடி ஒண்ணு இருந்தா, நான் ஏன் இப்பிடிக் கண்ணெரிஞ்சு சாவறேன்?" என்றார்.

இளைஞர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை, சிந்தனை வந்தது. மேனாட்டுக் கலை அறிஞர்கள் இப்படத்தைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஒளி என்றார்கள், அமைதி என்றார்கள், மோனம் என்றார்கள். மூதாட்டி அவ்வளவையும் தாண்டி, ஒளி எங்கிருந்து வருகிறதோ அங்கே கண்ணைச் செலுத்தினார். சாளரம் என்பார் புலவர். சன்னல் என்பார் ஊரார். பெயர் எதுவாயினும் அது சுவரில் மனிதன் வைத்த திறப்பு. அந்தத் திறப்பு வைக்கப்பட்ட வீட்டிலே அடுக்களைக்கு ஒளி வருகிறது. வைக்கப்படாத வீட்டிலே புகை தங்குகிறது. கலைத் திறனாய்வு தொடங்க இதைவிட நல்ல இடம் வேறு உண்டோ? ஒளி எங்கிருந்து வருகிறது? யார்மீது விழுகிறது? யாரை இருட்டிலே விட்டுவிடுகிறது? இம்மூன்று கேள்விகளையும் கையில் ஏந்திக்கொண்டு, ஒல்லாந்தரின் வீட்டுக்குள்ளும் நம் வீட்டுக்குள்ளும் நுழைந்து பார்ப்போம்.

சாளரத்தின் வழியே

ஒல்லாந்தர் என்றும் டச்சுக்காரர் என்றும் நாம் கூறும் மக்கள், 1568 முதல் 1648 வரை எண்பது ஆண்டுகள் ஸ்பெயின் பேரரசை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்றவர்கள். அப்போராட்டத்துக்குச் சற்று முன்பே, 1566இல், கோயில்களில் இருந்த உருவங்களும் ஓவியங்களும் பல ஊர்களில் உடைக்கப்பட்டன. பின்னர் அமைந்த சீர்திருத்தத் திருச்சபை, கோயிற் சுவரை வெண்மையாகவே விட்டுவைத்தது. அதுவரை ஓவியனுக்குப் பெருவேலை கொடுத்துவந்த கோயிற்கதவு சாத்தப்பட்டது. பிற நாடுகளில் இருந்ததுபோன்ற பேரரசவையும் அங்கு இல்லை. ஓவியன் யாரிடம் செல்வான்? வணிகனிடம் சென்றான்; மதுக்கடைக்காரனிடம் சென்றான்; ரொட்டி சுடுபவனிடம் சென்றான். அவர்கள் தம் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளச் சிறு படம் கேட்டார்கள். அப்படத்தில் எதைக் காண விரும்பினார்கள்? தம் வீட்டையே காண விரும்பினார்கள்! கூடத்தையும் அடுக்களையையும், துணி அடுக்கும் பெட்டியையும் துடைப்பத்தையும் காண விரும்பினார்கள்.

வாங்குபவன் மாறினான், வரையப்படும் பொருளும் மாறியது. கலை எங்கோ வானத்திலிருந்து இறங்குகிறது என்று கருதுவோர் இந்த ஒரு வரலாற்றை உற்று நோக்கினால் போதும்.

டெல்ஃப்ட் நகரத்திலே 1632இல் பிறந்து 1675இல் மறைந்தவர் யோகான்னஸ் வெர்மீர். அவர் தீட்டியவை என இன்று ஏற்கப்படுபவை நாற்பதுக்கும் குறைவு. பால் வார்க்கும் பணிப்பெண் படத்தை ஏறத்தாழ 1660 அளவில் தீட்டினார். ஒன்றரை அடி உயரங்கூட இல்லாத படம். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் 1908இல் அதனை வாங்கியது.

படத்திலே நடப்பது என்ன? ஒரு பெண், சிவந்த மண் குடத்திலிருந்து மண் சட்டியில் பால் வார்க்கிறாள். அவ்வளவுதான். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டிருக்கிறாள். மேலே வெளுப்பும், கீழே வெயிலும் வேலையும் தந்த கருமையுமாக, அவளது கை அவளது நாளை நமக்குக் கூறிவிடுகிறது. மேசையில் ரொட்டித் துண்டுகள். பின்னே வெறும் வெள்ளைச் சுவர். அதில் ஓர் ஆணி, ஆணி பிடுங்கிய துளைகள், சில கறைகள். தரையிலே கால் காயும் சிறு கணப்புப் பெட்டி. இடப்பக்கம் சாளரம், அதன் கண்ணாடிச் சில்லுகளில் ஒன்று உடைந்திருக்கிறது. உடைந்த சில்லையும் ஓவியர் மறைக்கவில்லை. அச்சாளரத்தின் வழியே வரும் பகலொளி, ரொட்டியின் மேல்தோலில் புள்ளி புள்ளியாய் மின்னி, பெண்ணின் நெற்றியிலும் தோளிலும் படிந்து, சுவரின் கறையைக்கூட எழிலாக்கி நிற்கிறது. அவள் கட்டியுள்ள மேலாடையின் நீலம், ஆப்கானிய மலைகளில் வெட்டி எடுத்த நீலக்கல்லை அரைத்துச் செய்த விலையுயர்ந்த வண்ணம். கோயில் ஓவியங்களில் தேவமாதாவின் ஆடைக்கெனப் பிற நாட்டார் சேமித்துவைத்த அந்நீலத்தை, வெர்மீர் அடுக்களைப் பெண்ணின் இடுப்பிலே கட்டினார்!

அவளுக்குத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. இதுதான் நாம் ஊன்றிக் கருத வேண்டியது. ஒளிவட்டம் என்பது ஒருவரிடமிருந்தே புறப்படுவது. 'இவர் உயர்ந்தவர், ஆகவே ஒளிர்கிறார்' என்று அறிவிப்பது. சாளரத்து ஒளியோ வெளியிலிருந்து வருவது. உள்ளே யார் இருந்தாலும் அவர்மீது விழுவது. வீட்டுத் தலைவி, வேலைக்காரி என்று வேறுபாடு பாராதது. உயர்ந்தவர் என்பதால் ஒளி பெறவில்லை அப்பெண். வேலை செய்யும் இடத்தில் ஒரு சாளரம் இருந்தது, ஆகவே ஒளி பெற்றாள்.

அவருடைய காலத்தவரான பீட்டர் டி ஹோக் இன்னும் ஒரு படி கீழே இறங்கி வந்தார். தாய் ஒருத்தி, மடியில் தலை கவிழ்த்த மகளுக்குப் பேன் பார்க்கிறாள்! நம் திண்ணைகளில் நாள்தோறும் காணும் காட்சி. 1660ஐ ஒட்டித் தீட்டப்பட்ட அப்படத்தில், அரைக்கதவு திறந்திருக்கிறது. தொலைவில் வெயில் படிந்த தோட்டம். நாய்க்குட்டி ஒன்று வெளியே பார்த்தபடி இருக்கிறது. பேன் பார்ப்பதைப் படமாக்கலாமா என்று அந்நாட்டார் முகம் சுளிக்கவில்லை. தூய்மையும் தாய்மையும் ஒரே செயலில் இணைந்திருப்பதைக் கண்டார்கள்.

நம் சுவர்களும் நம் சொற்களும்

அதே 17ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் என்ன நடந்தது? சேத்தியாத்தோப்பிலிருந்து கிழக்கே சென்றால் சிதம்பரம். அங்கே சிவகாமி அம்மன் திருமுன் மண்டபத்து மேற்கூரையில் அந்நூற்றாண்டைச் சேர்ந்த நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. கோடு தேர்ந்த கோடு. வண்ணம் செறிந்த வண்ணம். திறமையிலே நம் ஓவியர் எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆனால், தீட்டப்பட்டவை இறைவனின் திருவிளையாடல்களும் அடியார் கதைகளும். அம்மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கியவளின் வீட்டு அடுப்பு அங்கே இல்லை. ஓவியனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவனுக்குக் கூலி கொடுத்தது கோயில். கோயில் கேட்டதை அவன் வரைந்தான்.

பின்னர் வந்த தஞ்சாவூர் ஓவியத்தை நோக்குங்கள். பலகையிலே துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடுகட்டி, பொன் தகடு வேய்ந்து, கண்ணாடிக் கல் பதித்து உருவாக்குவது. இருண்ட அறையில் ஓர் அகல் விளக்கை ஏற்றினாலும் பொன் மின்னும். அங்கே ஒளி வெளியிலிருந்து வருவதில்லை. தெய்வத்திடமிருந்து வருவதாகக் காட்டப்படுகிறது. ஆகவே சாளரம் தேவைப்படவில்லை! படத்துக்கும் தேவைப்படவில்லை, படம் மாட்டிய வீட்டின் அடுக்களைக்கும் தேவைப்படவில்லை என்றே நம்மவர் இருந்துவிட்டார்கள் போலும்.

ஆனால், தமிழர் அடுக்களையைக் காணவே இல்லை என்று எவரேனும் கூறினால் அதை நாம் ஒப்பமாட்டோம். வண்ணத்தில் இல்லாதது நம் சொல்லிலே உண்டு. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டை அறிந்தோர் அறிவர். புதிதாய் மணந்த பெண், தயிர் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணிலே படிய, தானே சமைத்த குழம்பைக் கணவன் சுவைத்துப் பாராட்டக் கேட்டு, முகம் மெல்ல மலரும் காட்சி அது. டெல்ஃப்ட் நகரத்து ஓவியருக்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் புலவர் அடுக்களைக்குள் சென்று, அங்கு உழைப்பவளின் முகத்தில் விழுந்த ஒளியைக் கண்டிருக்கிறார். பெருமைப்படுகிறோம்.

பெருமைப்பட்டபின் ஒன்று கேட்கவும் செய்வோம். புகை படிந்த கண்ணை அன்று பாடினோம். அடுத்தடுத்த தலைமுறையினர் அதற்கு உரை எழுதினோம். மேடையிலே எடுத்துரைத்து மகிழ்ந்தோம். அந்தப் புகை வெளியேற ஒரு வழி வைப்போம் என்று எத்தனை பேர் எண்ணினோம்? பாட்டிலே அழகாக இருந்த புகை, வீட்டிலே நோயாக இருந்தது. விறகும் சாணமும் எரிப்பதால் வீட்டுக்குள் தேங்கும் புகை, 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைக் குடித்தது என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கூடலூர் கிழாரின் தலைவி இன்றும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் நிற்கிறாள்.

மேனாட்டு எண்ணெய் வண்ணம் நம் நாட்டுக்கு வந்தபின் இரவிவர்மா வந்தார். 1893இல் அவர் தீட்டிய 'அதோ வருகிறார் அப்பா' என்னும் படம் வீட்டுக் காட்சிதான். குழந்தையை ஏந்திய தாய் வாயிலை நோக்கி நிற்கிறாள். எழில் உண்டு, செல்வ வீட்டின் ஒழுங்கு உண்டு. கணவனின் வருகைக்காகக் காத்து நிற்கும் அவள், அவன் வரும்வரை என்ன வேலை செய்துகொண்டிருந்தாள் என்பதற்கு மட்டும் படத்தில் சான்றில்லை. அவருடைய அச்சுப் படங்கள் பரவியபோதும், வீடுகளில் மாட்டப்பட்டவை பெரும்பாலும் சிவந்த மேனித் தெய்வங்களே.

படத்துக்குள் வராதவர்கள்

ஒல்லாந்தரைப் புகழ்ந்தோம். அவர்கள் தீட்டியதெல்லாம் உண்மை என்று அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? கூடாது. பகுத்தறிவு பாராட்டுக்கும் வேண்டும்.

வெர்மீரின் அறைகளில் அமைதி குடிகொண்டிருக்கிறது. அவர் வாழ்ந்த வீட்டிலோ, அவர் இறந்தபோது பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள்! அவர் தீட்டிய அறைகளுள் ஒன்றிலேனும் ஒரு குழந்தை அழவில்லை, தவழவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வீட்டுப் பணிப்பெண்ணின் பெயர் தன்னெக்கெ எவர்போல் என்று ஆவணம் கூறுகிறது. வெர்மீரின் மைத்துனன் நிறைமாதக் கருவுற்றிருந்த தன் உடன்பிறந்தாளை, அதாவது ஓவியரின் மனைவியை, இரும்பு முனை பொருத்திய கோலால் தாக்க வந்தபோது, அப்பணிப்பெண் குறுக்கே நின்று தடுத்தாள் என்பது 1666இல் அளிக்கப்பட்ட சாட்சியத்தில் பதிவாகியிருக்கிறது. படத்தில் பால் வார்த்தவள் அவளே என்று கூறச் சான்றில்லை. ஆயினும், அடுக்களைப் பெண்ணின் வலிமை பால் குடத்தைத் தாங்குவதில் மட்டும் இல்லை என்பதற்கு அவள் சான்று. அந்த வீரத்தை எவரும் படமாகத் தீட்டவில்லை.

ஓவியர் இறந்தபோது மிஞ்சியது கடன். ரொட்டிக் கடையில் மட்டும் 600 கில்டருக்கு மேல் பாக்கி. அதற்கு ஈடாக மனைவி கத்தரினா இரண்டு படங்களைக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒளியைத் தீட்டியவர் வீட்டில் உலை கொதிக்கத் தீட்டிய படமே அடகு போயிற்று. கலைஞனின் வறுமையில் நாடுகளுக்குள் வேற்றுமை இல்லை!

வேலைக்காரிகளை அந்நாட்டார் எல்லா நேரமும் மதித்துத் தீட்டினார்கள் என்றும் எண்ணிவிட வேண்டா. நிக்கோலாஸ் மாஸ் என்பவர் 1655இல் தீட்டிய 'சோம்பேறிப் பணிப்பெண்' இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கழுவாத பாத்திரங்கள் தரையில் கிடக்க, பணிப்பெண் கையில் தலை சாய்த்து உறங்குகிறாள். பின்னால் பூனை கோழியைக் கவ்விக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தலைவி நம்மை நோக்கிப் புன்னகைத்து, 'பார்த்தீர்களா இவளை!' என்பதுபோல் கை நீட்டுகிறாள். நகைச்சுவைப் படமாம். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று அத்தலைவி கேட்கவில்லை, ஓவியர் கேட்கவில்லை, வாங்கி மாட்டியவரும் கேட்டிருக்கமாட்டார். உறங்குபவளைக் கண்டு 'சோம்பேறி' என்று பெயர் சூட்டுவது எளிது. அவள் ஏன் உறங்குகிறாள் என்று கேட்பதே திறனாய்வு.

அடுக்களையை வரைந்த ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோமே, வரைந்த பெண் இல்லையா? இருந்தாள். யூடித் லைஸ்டர். 1609இல் பிறந்தவர், 1633இல் ஆர்லம் நகரத்து ஓவியர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டவர். 1631இல் அவர் தீட்டிய ஒரு படத்தில், பெண் ஒருத்தி இரவில் விளக்கொளியில் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஆடவன் ஒருவன் அவள் தோளில் கை வைத்து, உள்ளங்கை நிறையக் காசை நீட்டுகிறான். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. விளக்கின் ஒளி முழுவதும் அவள் முகத்தில். அவள் கண் முழுவதும் ஊசியில். ஒரு பெண் ஓவியரின் கண் இல்லாமல் அப்படம் பிறந்திருக்குமா? 1636இல் அவர் மற்றோர் ஓவியரை மணந்தார். அதன்பின் அவர் தீட்டியவை மிகச் சிலவே. இறந்தபின் பெயரும் மறைந்தது. அவர் படங்கள் பிரான்ஸ் ஆல்ஸ் என்னும் ஆண் ஓவியரின் படங்கள் என்றே விற்கப்பட்டன. 1893இல்தான் உண்மை வெளிப்பட்டது. லைஸ்டர் என்ற பெயருக்கு வழிகாட்டும் விண்மீன் என்று பொருள். கையொப்பத்தோடு ஒரு விண்மீனையும் அவர் வரைவார். விண்மீன் வரைந்து கையொப்பமிட்டவளையும் இருநூறு ஆண்டுகளுக்குமேல் இருட்டில் வைத்திருக்க உலகத்தால் முடிந்திருக்கிறது!

இனி, அந்த வீடுகளின் வாயிலைத் தாண்டிக் கடலைப் பார்ப்போம். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி ஓடும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையிலே கடலில் கலக்கிறது. அந்தப் பரங்கிப்பேட்டையில் ஒல்லாந்தருக்கு வணிகக் கிடங்கு இருந்தது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் 1608லேயே செஞ்சி நாயக்கரின் இசைவு பெற்றுக் கால் ஊன்றியவர்கள் அவர்கள். எதற்காக வந்தார்கள்? துணிக்காக! சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய நம் சோழமண்டலக் கடற்கரைச் சீட்டித் துணி, கிழக்கே மசாலாத் தீவுகளில் பண்டமாற்றுக்குப் பயன்பட்டது. மேற்கே ஒல்லாந்தரின் இல்லங்களுக்குள் உடையாகவும் விரிப்பாகவும் நுழைந்தது. அவ்வில்லங்களின் செழிப்பில் நம் நெசவாளியின் தறிக்கும் பங்கு உண்டு. அவன் தறிக்குழியில் சாளரம் இருந்ததா என்று எந்த ஓவியரும் வந்து பார்க்கவில்லை.

துணி மட்டுமா சென்றது? ஆட்களும் சென்றார்கள். 1658இல் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த ஆண்டுகளில் தஞ்சைப் பகுதியைப் படையெடுப்பும் பஞ்சமும் வாட்டின. சோற்றுக்கு வழியில்லாத மக்கள் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, 1659 முதல் 1661 வரை இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். மீண்டும் ஒருமுறை ஆண்டை நோக்குங்கள்: பால் வார்க்கும் பெண்ணை வெர்மீர் தீட்டிய அதே ஆண்டுகள்! டெல்ஃப்டில் ஒரு பணிப்பெண்ணின் கைமீது பொன்னொளி விழுந்த வேளையில், நம் கடற்கரையில் ஒரு தாயின் கைமீது விலங்கு விழுந்தது. வெர்மீர் அக்குற்றத்தைச் செய்தார் என்று நாம் கூறவில்லை. அந்த வீட்டுச் சாளரத்திலிருந்து இந்தக் கடற்கரை தெரியவில்லை என்று கூறுகிறோம். தெரிய வேண்டும் என்று அந்நாட்டாரே இன்று உணர்ந்திருக்கிறார்கள். அப்படம் இருக்கும் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் 2021இல் அடிமை முறை பற்றித் தனிக் கண்காட்சி நடத்தியது. 2023 சூலை முதல் நாள் நெதர்லாந்து மன்னர் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கோரினார். காலந்தாழ்ந்த ஒளி, எனினும் ஒளிதான்.

குடந்தையிலிருந்து வந்த ஒளி

படிப்பகத்துச் சுவரில் இருந்த இரண்டாவது படத்துக்கு வருவோம். குடந்தையிலிருந்து சென்னை செல்லும் பெருவழி சேத்தியாத்தோப்பைத் தொட்டுக்கொண்டுதான் செல்கிறது. குடந்தைக் கவின்கலைக் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னையிலும் பயின்றவர் ஓவியர் இளையராஜா. ஆனந்த விகடனில் வெளியான அவர் ஓவியங்கள் தமிழர் இல்லங்கள் பலவற்றில் அவர் பெயரைக் கொண்டுசேர்த்தன. நாற்பதைக் கடந்து சில ஆண்டுகளிலேயே நாம் அவரை இழந்தோம்.

அவர் செய்தது என்ன? நம் வீட்டுக்குள் விழும் ஒளியைக் கண்டார். ஒல்லாந்தர் வீட்டு ஒளி பக்கத்துச் சாளரத்திலிருந்து வருவது, குளிர்ந்தது, சாம்பல் கலந்தது. நம் ஓட்டு வீட்டு ஒளியோ முற்றத்தின் வழியே மேலிருந்து இறங்குவது. அல்லது பாதி திறந்த கதவின் வழியே பாய்வது. சுள்ளென்று அடிக்கும் வெயில், தாழ்வாரத்துத் தூணில் ஒரு கீற்றாகவும், பித்தளைக் குடத்தில் ஒரு பொறியாகவும், பெண்ணின் கன்னத்தில் ஒரு மஞ்சள் படலமாகவும் விழும் வகையை அவர் தூரிகை அறிந்திருந்தது. மரக்கதவின் வெடிப்பையும், காரை பெயர்ந்த சுவரையும், சாயம் போன பாவாடையின் மடிப்பையும், உடைந்த கண்ணாடிச் சில்லை வெர்மீர் மதித்ததுபோலவே அவர் மதித்தார்.

அதைவிடப் பெரிதொன்று செய்தார். அவர் தீட்டிய பெண்கள் கறுத்த மேனியர். நாட்காட்டித் தெய்வமும் விளம்பரப் பெண்ணும் வெள்ளை மேனியே எழில் என்று நூறாண்டுகளாக நமக்குப் பாடம் நடத்திவந்த நாட்டில், கருமையின்மீது ஒளி விழும்போது எத்தனை வண்ணம் பிறக்கிறது என்று அவர் காட்டினார். செம்பழுப்பு, ஊதா, தேன்நிறம் எல்லாம் ஒரு கன்னத்தில்! தன் நிறத்துக்காகக் கண்ணாடி முன் கலங்கி நின்ற எத்தனையோ தமிழ்ப் பெண்கள், அப்படங்களைக் கண்டு நிமிர்ந்திருப்பார்கள். அது சொற்பொழிவு செய்ய முடியாத சீர்திருத்தம். ஒளிவட்டம் சூட்டாமல், வெறும் வெயிலைக் கொண்டே செய்த சீர்திருத்தம்.

இத்துணைப் பாராட்டுக்கும் உரியவரிடம் குறை காணலாமா? அன்பு உள்ள இடத்தில்தான் காணலாம். நாம் கண்ட அவர் படங்களில் பெண்கள் பெரும்பாலும் இளையவர்கள். பெரும்பாலும் அமர்ந்திருக்கிறார்கள், சாய்ந்திருக்கிறார்கள், எதையோ எண்ணிக் காத்திருக்கிறார்கள். பாத்திரம் இருக்கிறது, துலக்கும் கை குறைவு. அடுக்களை இருக்கிறது, புகை குறைவு. பழைய ஓட்டு வீட்டின் எழிலைக் கண்டு, 'ஆகா, அந்தக் காலம்!' என்று நகரத்தில் குடியேறியவர் ஏங்கும்படி அப்படங்கள் அமைந்துவிடுகின்றன. அந்த வீட்டில் விடியலுக்குமுன் எழுந்தவளுக்கு அந்தக் காலம் அத்துணை இனிதாக இருந்ததா? ஏக்கம் என்பது அழகிய திரை. திரைக்குப் பின்னே அடுப்பு எரிகிறது. இன்னும் முப்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்திருந்தால் அத்திரையையும் அவரே விலக்கியிருப்பார் என்று நம்புகிறோம். நோய் அந்த வாய்ப்பை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டியவர்கள், அவரை அன்போடு பின்பற்றி இன்று வண்ணம் குழைக்கும் இளைஞர்கள்.

முதலில் ஒரு சன்னல்

அன்று மாலை அம்மூதாட்டியோடும் பேரனோடும் நாமும் நடந்தோம். வீடு தொலைவில் இல்லை. முன்புறம் தளம் போட்ட அறை, அதில் தொலைக்காட்சி, மின்விளக்கு. பின்புறம் கீற்றுச் சாய்ப்பு இறக்கிய அடுக்களை. தாழ்ந்த வாயிற்படி ஒன்றே அதற்கு வழியும் ஒளியும் காற்றும். சுவர் முழுவதும் கரி. மூலையில் எரிவாயு அடுப்பு துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. உருளை விலை கட்டுப்படியாவதில்லை. ஆகவே விருந்தினர் வரும் நாளுக்கென்று அதை ஒதுக்கி வைத்திருக்கிறார். அன்றாடச் சோறு விறகில்தான். சேத்தியாத்தோப்புக்கு அண்மையில் உள்ள நெய்வேலியில் 1962 முதல் அனல்மின் நிலையங்கள் பழுப்பு நிலக்கரியை எரித்து நாட்டுக்கு ஒளி வழங்கிவருகின்றன. அத்துணை அருகே ஒளி பிறந்தும், இந்த அடுக்களைக்கு வரவேண்டிய பகலொளி சுவருக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருக்கிறது. அதைத் தடுப்பது வறுமை மட்டுமா? முன்னறைக்குச் செங்கல் வாங்கியவர்கள் பின்னறைக்குச் சாளரம் வைக்க மறந்தது ஏன்? அங்கே இருப்பவள் பெண் என்பதாலன்றி வேறு என்ன?

வெர்மீர் மற்றொரு வகைப் படமும் தீட்டினார். சாளரத்தருகே நின்று பெண்கள் மடல் படிக்கும் படங்கள். ஒன்று டிரெஸ்டன் நகரில் இருக்கிறது, மற்றொன்று ஆம்ஸ்டர்டாமில். 1660 அளவில் அங்கே ஒரு பெண் தன் மடலைத் தானே படித்தாள். 1951ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. நம் பாட்டிமார் தம் பிள்ளைகளின் மடலை அஞ்சற்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இன்று பேத்தி படிக்கிறாள், ஆசிரியை ஆகிறாள். ஆண்டுகள் பல உழைத்து அந்தச் சாளரத்தைத் திறந்தோம். அறிவுக்கு ஒரு சாளரம் திறக்க முடிந்த நமக்கு, அடுக்களைக்கு ஒரு சாளரம் திறப்பது அரிய செயலா?

ஆகவே ஓவியர்களிடம் கூறுகிறோம்: ஒல்லாந்தரிடமிருந்து ஒளியின் நுட்பத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அவர்கள் மறந்த கடற்கரையை நீங்கள் மறவாதீர்கள். இளையராஜாவிடமிருந்து கருமையின் எழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் தீட்ட நேரம் பெறாத முதிய கைகளையும், கரி படிந்த சுவரையும், கசங்கிய கண்ணையும் தீட்டுங்கள். வீடு கட்டுவோரிடமும் கூறுகிறோம்: வரவேற்பறைக்கு எத்தனை சாளரம் என்று எண்ணும்போது, அடுக்களைக்கு எத்தனை என்றும் எண்ணுங்கள்.

விடைபெறும்போது, "அந்தப் படத்தை உங்கள் வீட்டுக்கு ஒன்று வாங்கித் தரட்டுமா?" என்று மூதாட்டியிடம் கேட்டோம். அவர் கரி படிந்த சுவரைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். "மொதல்ல சன்னல் வச்சுக் குடு. அப்பறம் படம் மாட்டலாம். இருட்டுல மாட்டுனா எவன் பாக்குறது?" என்றார்.

கலை பற்றி நாம் படித்த நூல்கள் பல. அவற்றுள் எதுவும் இவ்வளவு சுருக்கமாகக் கூறவில்லை.